பழ ஈயின் கருவில் ஜீனோம் மடிப்பை வரைபடமாக்குவது எப்படி

எலியின் கை-கால் மொட்டில் சானிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை இயக்கும் என்ஹான்சர் (மரபணுவை முடுக்கிவிடும் டிஎன்ஏ பகுதி), அந்த மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் கார இணைகள் தள்ளி, வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள், அதாவது புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதிக்குள், இருக்கிறது. டிஎன்ஏ மடிந்தால்தான் இரண்டும் நெருங்க முடியும். அந்த மடிப்பை அளக்கும் முறை ஹை-சி: டிஎன்ஏவை இருந்த இடத்திலேயே நிலைநிறுத்தி, வெட்டி, அருகருகே கிடக்கும் முனைகளை ஒட்டி, எது எதோடு ஒட்டியது என்று படிப்பது. கருவில் அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கருவின் வயதைக் கணிப்பதில்தான். வேதியியல் அதற்கு அடுத்தபடிதான்.

பழ ஈயில் டாட் எனப்படும் தொடர்பு வட்டாரங்கள் (தமக்குள் அதிகம் தொட்டுக்கொள்ளும் டிஎன்ஏ பகுதிகள்), கருவின் சொந்த மரபணுக்கள் பெருமளவில் விழித்தெழும் 14-ஆம் நியூக்ளியஸ் சுழற்சியில்தான் (நியூக்ளியஸ்கள் பிரிந்து பெருகும் சுற்றுகளில் 14-ஆவது) தெளிவாகத் தோன்றுகின்றன. 25 டிகிரியில் முட்டையிட்டு ஏறத்தாழ 2 மணி 10 நிமிடத்தில் அந்தச் சுழற்சி தொடங்கும். பெண் ஈக்கள் கருவுற்ற முட்டையை உள்ளேயே தேக்கி வைக்கும் என்பதால் முதல் ஒரு மணி நேரத்து முட்டைகளைக் கொட்டிவிடுங்கள். அதோடு நிறுத்தக் கூடாது. செல் பிரிதலில் குரோமோசோம்கள் இறுகும்போது வட்டாரங்கள் கலைந்துவிடும். அப்படிப்பட்ட கருக்கள் சில கலந்தாலே வரைபடத்தில் வட்டாரங்களின் எல்லைகள் மங்கும். பச்சை ஒளிர் புரதம் இணைத்த பிசிஎன்ஏ (நியூக்ளியஸில் இருக்கும் ஒரு புரதம்) உள்ள ஈக்களை வளர்த்தால், பிரிதலின்போது ஒளி நியூக்ளியஸில் குவியாமல் பரவிக் கிடப்பதைப் பார்த்து அந்தக் கருக்களை ஒவ்வொன்றாக விலக்கலாம். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று இல்லை. இந்தச் சுழற்சியில் ஒரு கருவில் சுமார் 6,000 நியூக்ளியஸ்கள் இருப்பதால் நூறு கருக்களே 6 லட்சம் தரும்.

இப்படிப் பொறுக்குவதற்கு முன்பே கருக்களை நிலைநிறுத்திவிட வேண்டும், அதாவது டிஎன்ஏவையும் புரதங்களையும் இருந்த இடத்திலேயே பிணைத்துவிட வேண்டும். 50 சதவீத பிளீச்சில் 2 நிமிடம் வைத்து வெளியோட்டை நீக்குங்கள். பிறகு 2 சதவீத ஃபார்மால்டிஹைடோடு ஹெப்டேன் சேர்த்து 15 நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஹெப்டேன் இல்லாவிட்டால் உள்சவ்வைத் தாண்டி எதுவும் நுழையாது. கிளைசினை 125 மில்லிமோலார் அளவில் சேர்த்து வினையை நிறுத்துங்கள். நேரம் கூடிப்போனால் என்சைமால் வெட்ட முடியாது; குறைந்தால் இழைகள் நழுவிவிடும்.

செல் சவ்வைக் கரைத்தபின் எஸ்டிஎஸ் என்ற கடுமையான சோப்புப் பொருளின் 0.5 சதவீதக் கரைசலில், 62 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, டிரைட்டான் என்ற மென்மையான சோப்புப் பொருளால் எஸ்டிஎஸ்ஸை அடக்குங்கள். டிஎன்ஏவை வெட்டும் எம்போ-1 என்சைமுடன் 37 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். வெட்டிய முனைகளை, பயோட்டின் என்ற அடையாளம் கொண்ட டிஏடிபியால் (டிஎன்ஏவின் ‘ஏ’ எழுத்துக்கான மூலப்பொருள்) நிரப்பி, முனைகளை ஒட்டும் டி4 லைகேஸ் என்சைமுடன் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வையுங்கள். வெட்டும் முன், வெட்டியபின், ஒட்டியபின் என மூன்று துளி மாதிரியை ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள்: பெரிய பட்டை பரவலாகச் சிதறி, ஒட்டியபின் மறுபடி மேலேற வேண்டும். நிரப்பி ஒட்டிய சந்திப்பில், கிளா-1 என்ற வேறொரு வெட்டும் என்சைமுக்கான இடம் புதிதாக உருவாகும். ஒட்டிய பக்கத்துத் துண்டுகளைப் பிசிஆரால் பெருக்கிக் கிடைப்பதைக் கிளா-1 வெட்டவில்லை என்றால் நிரப்புதல் தோற்றுவிட்டது. அதற்கு மேல் பணம் செலவழிக்காதீர்கள்.

முதலில் சில லட்சம் ரீடுகள் (வரிசைப்படுத்தும் கருவி படிக்கும் டிஎன்ஏ துண்டுகள்) மட்டும் படியுங்கள். பாதிக்கு மேல் வெவ்வேறு குரோமோசோம்களை இணைத்தால் அது தற்செயல் ஒட்டல், நியூக்ளியஸ்கள் உடைந்திருக்கும். வரைபடத் துல்லியத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ நான்கு மடங்கு ரீடுகள் தேவைப்படும்.

வரைபடத்தில் நெருக்கம் தெரிந்ததும் அதுவே மரபணு வெளிப்பாட்டுக்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். மனிதர்களில் ஈபிஎச்ஏ4 என்ற மரபணுவின் அருகிலுள்ள வட்டார எல்லை அழிந்தால் என்ஹான்சர் தவறான மரபணுவை இயக்கி விரல்கள் குட்டையாகின்றன. ஆனால் பழ ஈயின் பேலன்சர் குரோமோசோம்களில் (துண்டுகள் தலைகீழாகத் திரும்பி மாறியமைந்த ஆய்வகக் குரோமோசோம்கள்) வட்டாரங்கள் பல உடைந்தும், பெரும்பாலான மரபணுக்களின் வெளிப்பாடு மாறவில்லை. ஆகவே நீங்கள் கவனிக்கும் எல்லையைக் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் நீக்குங்கள். நீக்கிய பிரதியையும் இயல்பான பிரதியையும் ஒரே கருவில் வைத்து, ஓரெழுத்து வேறுபாடுகளால் அவற்றின் ஆர்என்ஏவைப் பிரித்து எண்ணுங்கள். முழுக் கருவின் சராசரியில் ஒரு திசுவின் மாற்றம் மூழ்கிவிடும் என்பதால், எந்தச் செல்லில் மாறியது என்பதை ஆர்என்ஏ மூலக்கூறுகளைச் செல்லுக்குள்ளேயே ஒளிரவைத்துக் காட்டும் ஒற்றை மூலக்கூறு ஃபிஷ் முறையால் பாருங்கள்.