டொங்கிள் லைனில் தளத்தை பேக்கப் எடுப்பதும் மீட்பதும்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து சிம் போட்ட டொங்கிளில் வேர்ட்பிரஸ் தளம் நடத்துபவர், ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபனலின் ‘ஃபுல் பேக்கப்’ பொத்தானை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. 2 ஜிபி கோப்பு 1.8 ஜிபி இறங்கியதும் சிக்னல் விழும், அல்லது கரண்ட் போகும். முழுதாக இறங்கினாலும் அந்தக் கோப்பை நாமே சிபனலுக்குள் மீட்க முடியாது. ஹோஸ்டிங்காரர்தான் செய்துதர வேண்டும். ஆகவே வேர்ட்பிரஸ் தளத்தைத் துண்டு துண்டாக எடுங்கள்.

முதலில் டேட்டாபேஸ். எழுதிய எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, அளவும் சிறிது. சிபனலில் உள்ள டேட்டாபேஸ் கருவியான பிஎச்பிமைஅட்மினில் இடப்பக்கம் டேட்டாபேஸைத் தெரிவுசெய்து, எக்ஸ்போர்ட், கஸ்டம், ஜிசிப் (சுருக்கிய கோப்பு) என்று போங்கள். பழைய டேபிளை நீக்கும் ‘டிராப் டேபிள்’ பெட்டியில் சரி போடுங்கள். இல்லாவிட்டால் மீட்கும்போது ‘டேபிள் ஏற்கெனவே இருக்கிறது’ என்று முரண்டுபிடிக்கும். இறங்கிய எஸ்கியூஎல் கோப்பை விரித்து கடைசி வரியைப் பாருங்கள். ஒரு பதிவின் நடுவிலேயே நின்றிருந்தால் அது அறுந்த கோப்பு. புதிதாக ஏதும் ஏற்றிய அன்றே இதை எடுத்துவிடலாம், சில நிமிட வேலை.

பாரம் படங்களில்தான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு 4 எம்பி படம் 300 ஏற்றினால் 1.2 ஜிபி. அதோடு வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் சின்னதும் பெரிதுமாகப் பல அளவுகளில் பிரதி போட்டுவைக்கும். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டதால் சிப் பண்ணினாலும் குறையாது. நல்லவேளையாக, ‘அப்லோட்ஸ்’ கோப்புறை வருடம், மாதம் என்று பிரிந்தே இருக்கும். அந்த மாதத்தை மட்டும் ஃபைல்சில்லா என்ற எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) மென்பொருளால் இறக்குங்கள். லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நைட் டேட்டா உள்ள பாக்கேஜ் என்றால் இரவில் ஓடவிடலாம்.

தீம், பிளகின் கோப்புறைகள், டேட்டாபேஸ் விபரம் உள்ள டபிள்யூபி-கொன்ஃபிக் கோப்பு, சேர்வர் விதிகள் உள்ள, புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் கோப்பு ஆகியன மிச்சம். கடைசியாகச் சொன்னது மறைந்திருக்கும். சிபனலின் ஃபைல் மனேஜர் செற்றிங்ஸில் மறைகோப்பைக் காட்டச் சொல்லவேண்டும். வேர்ட்பிரஸின் சொந்தக் கோப்புகளை எடுத்து டேட்டாவை வீணாக்கவேண்டாம், அவை புதிதாகவே கிடைக்கும்.

ஹோஸ்டிங்கிலேயே கிடக்கும் பேக்கப் அந்தக் கணக்கோடேயே போய்விடும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வன்னியில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது, ஆகவே வீட்டு ஹார்ட் டிஸ்க் மட்டும் போதாது. கூகுள் டிரைவிலும் ஒன்று இருக்கட்டும். கொன்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட் உண்டு, அந்தக் கோப்புறையை லிங்க் மூலம் பகிராதீர்கள்.

மீட்கும்போது, உடைந்த நிலையிலேயே ஒரு பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாக எஃப்டிபியில் ஏற்றினால் விடிந்துவிடும். சிறு சிப்களாக ஏற்றி ஃபைல் மனேஜரில் வைத்தே விரியுங்கள். புது டேட்டாபேஸும் யூசரும் உருவாக்கி, யூசரை டேட்டாபேஸோடு இணைத்து, எல்லா உரிமையும் கொடுங்கள். பலர் தவறவிடுவது இந்த இணைப்பைத்தான். சிபனல் இரண்டு பெயருக்கும் முன்னால் கணக்குப் பெயரை ஒட்டிவிடும். கொன்ஃபிக்கில் அதையும் சேர்த்து எழுதாவிட்டால் டேட்டாபேஸ் இணைப்புப் பிழை வரும். பிறகு எஸ்கியூஎல் கோப்பை இம்போர்ட் செய்யுங்கள். தளத்துக்குப் பதிலாக வேர்ட்பிரஸ் நிறுவும் திரை வந்தால், எதையும் அழுத்தாமல் கொன்ஃபிக்கில் உள்ள டேபிள் முன்னொட்டை (டேபிள் பெயர்களின் தொடக்கப் பகுதியை) டேட்டாபேஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

தமிழ்த் தளத்துக்கே உரிய வருத்தம் ஒன்று: மீட்டபின் தமிழுக்குப் பதில் மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ உமாகப் பக்கம் நிறையும். பயப்படவேண்டாம், எழுத்து அழியவில்லை. இம்போர்ட்டில் எழுத்துமுறை யூடிஎஃப்-8 ஆக இருக்கவில்லை. டேபிள்களை நீக்கி மறுபடி இம்போர்ட் செய்யுங்கள். கேள்விக்குறிகளாக வந்தால் எஸ்கியூஎல் கோப்பை நோட்பாட்++ இல் திறவுங்கள். அங்கே தமிழ் தெரிந்தால் இம்போர்ட் பிழை. அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் அந்தப் பிரதியால் பயனில்லை, முந்தையதைத் தேடுங்கள்.

டொமைன் மாறியிருந்தால் எஸ்கியூஎல் கோப்புக்குள் பழைய முகவரியைத் தேடி மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் சில இடங்களில் சொல்லோடு அதன் நீளத்தையும் எண்ணாக எழுதிவைக்கும். முகவரியின் நீளம் மாறியதும் எண் பொருந்தாமல் தீம், விட்ஜெட் அமைப்புகள் காணாமல் போகும். அதற்கு ‘பெட்டர் சேர்ச் ரிப்ளேஸ்’ பிளகின் இருக்கிறது. முகப்பு மட்டும் திறந்து உள்பக்கங்கள் 404 காட்டினால், செற்றிங்ஸில் பெர்மாலிங்ஸ் போய் ஒன்றையும் மாற்றாமல் சேவ் அழுத்துங்கள்.