அறையில் மட்டும் 94 எம்பிபிஎஸ்ஸா? சுவருக்குள் இருக்கும் டெலிபோன் வயரைப் பாருங்கள்

வீட்டு இணையத்துக்கு ஒரு கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட் (எம்பிபிஎஸ்), பிளான் போட்டிருக்கிறீர்கள். ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் 900க்கு மேல் காட்டுகிறது. படுக்கையறைச் சுவரில் இருக்கும் லேன் பாயிண்டில் மடிக்கணினியைச் செருகினால் மட்டும் 94, 95 என்று நின்றுவிடுகிறது, காலையில் பார்த்தாலும் அதுதான், நள்ளிரவில் பார்த்தாலும் அதுதான். அந்த எண்ணே உங்களுக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டது. நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஏறும், இறங்கும். தினமும் ஒரே இடத்தில் முட்டி நின்றால், வழியில் எங்கேயோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். மிச்சம் ஐந்தாறு, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் ஒட்டிப்போகும் முகவரி விவரங்களுக்கே செலவாகிவிடும்.

இதற்கு இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பெரிய பயன் இல்லை. கண்ணாடி இழை (ஃபைபர்) வந்து முடியும் பெட்டி, அவர்கள் கொடுத்த மோடம், அதுவரை சரியாக இருந்தால் அவர்கள் கணக்கில் எல்லாம் சரி. பிளானை உயர்த்துவது அதைவிட வீண். சிங்கப்பூர் முழுதும் 10 கிகாபிட்டுக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப் போவதாக 2024இல் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து 10 கிகாபிட் பேச்சுதான் எங்கும், போட்டால் ஹாலில் வேண்டுமானால் பறக்கும், அந்த அறையில் அதே 94தான் வரும்.

முதலில் ஒரு சோதனை. வைஃபையை அணைத்துவிட்டு, நல்ல கேட் 5இ அல்லது கேட் 6 வகை லேன் கேபிள் ஒன்றை எடுத்து மடிக்கணினியை நேராக ரவுட்டரில் செருகி வேகம் பாருங்கள். அப்புறம் அதே மடிக்கணினி, அதே கேபிள், அறையின் சுவர் பாயிண்ட். இரண்டு இடத்திலும் வேறு எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். வேகச் சோதனைத் தளத்தையே நம்பியிருக்கவும் வேண்டாம்: விண்டோஸில் செட்டிங்ஸ் போய் நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் என்று ஒரு வரி இருக்கும், 1000/1000 என்றிருந்தால் நல்லது, 100/100 என்றிருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஹாலில் செருகியபோதே 94 வந்தால் சுவரைத் திறக்க வேண்டாம். உங்கள் யுஎஸ்பி லேன் அடாப்டர் பழைய 100 வகையாக இருக்கலாம், இழுப்பறையில் கிடந்த கேபிளில் நான்கு கம்பிதான் இருக்கலாம், நடுவில் பத்து வருடப் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று ஒளிந்திருக்கலாம். டிவியில் வேகம் பார்த்துவிட்டு பயப்படுபவர்களும் நிறைய. விலை உயர்ந்த டிவிகளில்கூட பலவற்றின் லேன் போர்ட் 100தான், படம் பார்க்க அது போதும் என்று தயாரிப்பாளர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வைஃபை மட்டும் மெதுவென்றால் அது வேறு கதை. ரவுட்டரை போம் ஷெல்டருக்குள் (வீட்டிலுள்ள குண்டுப் பாதுகாப்பு அறை) வைத்துக் கதவையும் சாத்திவிட்டு அறைக்குள் சிக்னல் இல்லை என்று சொன்னால், அந்தத் தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் வேறென்னதான் செய்யும்?

சரி, சுவர் பாயிண்டில்தான் குறைகிறது என்று உறுதியானதும் காரணத்தைப் பார்ப்போம். லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலோ சரியாகப் பிடிக்காமலிருந்தாலோ, இரு பக்கச் சாதனங்களும் கிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். டெலிபோனுக்கோ ஒரே ஒரு ஜோடிதான் வேண்டும். பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. 2010 வாக்கில் கண்ணாடி இழை வீடுகளுக்கு வரத் தொடங்கியபோது அது ஹாலில் ஒரு பெட்டியோடு நின்றது. அறைகளில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் டெலிபோன் பாயிண்ட். அந்த வயரையே லேனுக்கு மாற்றிக்கொடுத்த வேலைகள் பழைய கொண்டோக்களிலும் மறுவிற்பனை வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளிலும் இன்னும் உள்ளே இருக்கின்றன, வீடு மூன்று கை மாறியிருக்கும், யார் செய்தது என்று கேட்கக்கூட ஆள் கிடையாது.

பிளேட்டைக் கழற்றுமுன் மோடத்தின் டெலிபோன் போர்ட்டில் ஏதாவது செருகியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். சும்மா இருக்கும் பழைய டெலிபோன் லைனில் சுமார் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது அதைவிட அதிகம்; ஆளைக் கொல்லாது, ஆனால் சுருக்கென்று இழுக்கும். பக்கத்திலேயே இருக்கும் 230 வோல்ட் மின்சார பிளேட்டைத் தொடாதீர்கள், ஒரே பிளேட்டில் இரண்டும் இருந்தால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். கண்ணாடி இழைப் பெட்டியையும் திறக்கக் கூடாது, இழை மடங்கினாலே போச்சு.

பிளேட்டைக் கழற்றியதும் கம்பிகளை எண்ணுங்கள். நான்குதான் என்றால், அதுவும் ஒழுங்கான முறுக்கு இல்லாமல் இருந்தால், அது டெலிபோனுக்கே பிறந்த வயர், அதிலிருந்து கிகாபிட் வராது. எட்டு இருந்தால் வயரின் மேல் தோலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 5இ அல்லது 6 என்றிருந்தால் அதிர்ஷ்டம்தான். இரண்டாயிரங்களில் கட்டிய கொண்டோக்கள் சிலவற்றில் டெலிபோனுக்கே கேட் 5இ போட்டு, நீல ஜோடியை மட்டும் இணைத்து, மீதி ஆறு கம்பியையும் சுருட்டி உள்ளே தள்ளியிருப்பார்கள். இன்னொரு வழக்கம்: ஒரே பிளேட்டில் ஒரு டெலிபோன் துளை, ஒரு லேன் துளை, பின்னால் வருவது ஒரே கேபிள். ஆரஞ்சும் பச்சையும் லேனுக்கு, நீலம் போனுக்கு என்று பங்கு பிரித்திருப்பார்கள். 94க்கு இதைவிடப் பொதுவான காரணம் நான் பார்த்ததில்லை.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. வீட்டு போன் யாரும் பயன்படுத்துவதில்லை என்றால் டெலிபோன் ஜாக்கைக் கழற்றிவிட்டு, எட்டுக் கம்பிகளையும் ஒரு கேட் 6 லேன் ஜாக்கில் பஞ்ச் செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு கம்பியையும் அதன் பிளவில் கருவியால் அழுத்திப் பதியுங்கள். கேபிளின் மறுமுனையிலும் இதையே செய்ய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ஏன் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசை ஒட்டியிருக்கும். எதை வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்கட்டும். பி வரிசை, பின் 1 முதல் 8 வரை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சையின் நடுவே நீலம் வந்து உட்காருவது பார்க்க விசித்திரமாக இருக்கும், அது அப்படித்தான். ஜாக்கின் பிளவுகள் வேறு வரிசையில் இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் வண்ணப்படியே வையுங்கள், அழகாக அடுக்குகிறேன் என்று நீங்களாக மாற்றாதீர்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம். வேகத்தைக் காப்பாற்றுவது அந்த முறுக்குதான்.

பஞ்ச் கருவியும் கேபிள் டெஸ்டரும் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும், விலை உயர்ந்தது வேண்டாம். டெஸ்டரின் இரண்டு பாதியை இரண்டு முனையில் செருகினால் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும். ஒரு விளக்கு எரியவில்லையா, அந்தக் கம்பியை மறுபடி பஞ்ச் செய்யுங்கள். ஆனால் மலிவு டெஸ்டரை முழுக்க நம்பாதீர்கள். கம்பிகள் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பான ஜோடியில் இருந்தால், அதாவது ஒரு ஜோடியின் கம்பியை இன்னொரு ஜோடியின் கம்பியோடு சேர்த்துவிட்டால், எட்டு விளக்கும் எரியும், டெஸ்டர் சரி என்று சொல்லும், வேகம் மட்டும் வராது. அதனால் கடைசித் தீர்ப்பு மடிக்கணினியில் 1000 என்று பார்ப்பதுதான். அப்படி ஒழுங்காக முடித்த 5இ கேபிள் 2.5 கிகாபிட்டையும் தாங்கும், ஒரு வீட்டுக்குள் இருக்கும் தூரத்துக்குக் கவலையே வேண்டாம்.

கேபிள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று தொடராகப் போயிருந்தால் கொஞ்சம் சிக்கல். டெலிபோனுக்கு அது பரவாயில்லை, லேனுக்கு ஒவ்வொரு ஓட்டமும் இரண்டே முனைகளோடு இருக்க வேண்டும். நடு அறையில் இரு கேபிளுக்கும் தனித்தனி ஜாக் வைத்து, ஒரு சின்ன கிகாபிட் ஸ்விட்சில் இரண்டையும் செருகிவிட்டால் வேலை செய்யும்.

நான்கு கம்பி வயர்தான் என்று தெரிந்தவர்களுக்கு என் யோசனை: அதோடு மல்லுக்கட்டாதீர்கள். வயர் குழாய்க்குள் தளர்வாக இருந்தால் அதையே கயிறாக்கி புதுக் கேட் 6 இழுக்கலாம். பூச்சுக்குள் புதைந்திருந்தால் அசையாது, சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் ஓரமாக டிரங்கிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு வெளியே கொண்டுபோவதே வழி. போம் ஷெல்டர் சுவரில் மட்டும் துளை போட்டு வயர் கொண்டுபோக நினைக்காதீர்கள், அதற்கு அனுமதி இல்லை. பழைய கேபிள் டிவி பாயிண்டுகள் அறைகளில் இருந்து, அவை வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அந்த டிவி வயர் வழியாக நெட்டை அனுப்பும் மோகா அடாப்டர் ஒரு ஜோடி வாங்கிப் பாருங்கள், மோகா 2.5 வகை நன்றாகவே ஓடும். மின்சார வயர் வழியாக அனுப்பும் அடாப்டர்கள் சுலபம்தான், ஆனால் பெட்டியில் 1000, 2000 என்று அச்சடித்திருப்பதை மறந்துவிட்டு வாங்குங்கள், நிஜத்தில் அவ்வளவு வராது.

ஊரில் அப்பா அம்மா வீட்டில் இன்னும் செம்புக் கம்பி டிஎஸ்எல்தான் என்றால், வீடியோ காலில் இதே முறையில் பார்க்கச் சொல்லலாம், அங்கே டெலிபோன் வயர்தான் நெட்டே. குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை, டிஎஸ்எல்லின் ஒரு வகையான ஏடிஎஸ்எல் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், இரண்டும் ஒரே ஜோடியில் போகும். போன் ஒவ்வொன்றுக்கும் ஃபில்டர் இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மோதும். மாடிக்கு, சமையலறைக்கு என்று கிளை கிளையாக இழுத்து இப்போது யாரும் தொடாத வயர்களும் கெடுதல்: திறந்த முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து நல்ல சிக்னலைக் குழப்பும். எல்லா போனையும் பிடுங்கிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை நேராகச் செருகச் சொல்லுங்கள். உலாவியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) என்று ஓர் எண் டெசிபலில் இருக்கும், 6க்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறும். முதல் பெட்டியில் அந்த எண் நன்றாக ஏறினால் குறை வீட்டு வயரில், கிளைகளை வெட்டிவிட்டு மோடத்தை அங்கேயே வைத்துவிடலாம்.

ஏறவில்லை, போனை எடுத்தாலும் கரகரவென்று கேட்கிறது, மழை பெய்தால் மோசமாகிறது என்றால் வெளியே ஏதோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கும். புகார் கொடுக்கும்போது நெட் ஸ்லோ என்று சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், நெட் ஸ்லோ என்றால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். போனில் சத்தம், பேசினால் கேட்கவில்லை என்று சொன்னால் லைன்மேன் ஏணியோடு வருவார்.