ஈ-பைக் பற்றரி செத்துப்போச்சா? முடிவெடுக்குமுன் மீற்றரை வையுங்கள்

மட்டக்களப்புப் பக்கத்துக் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஊர்கள். உப்புக்காற்றில் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். வண்டி விட்டுவிட்டு ஓடினால் பற்றரியைக் கழற்றி முதலில் அந்த முனைகளைப் பாருங்கள். களிம்பு என்றால் நைசான மண்தாள் போதும். பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தால் பிளக்கையே மாற்ற வேண்டும். லூசான பிடிப்புத்தான் சூடாகிறது.

பிறகு மீற்றர், அதாவது மல்டிமீற்றர். டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு வயர் 10 அம்பியர் துளையில் இருந்தால் பற்றரி ஷோர்ட் ஆகிவிடும், இதை இருமுறை பாருங்கள். 48 வோல்ட் லித்தியம் அயன் பற்றரியில் பெரும்பாலும் 13 செல் தொகுதிகள் தொடராக இருக்கும், முழுதாகச் சாஜ் ஏறினால் 54.6 வோல்ட். 36 வோல்ட் என்றால் 10 தொகுதி, 42 வோல்ட். சாஜரின் முனையிலும் ஏறக்குறைய அதே அளவு வரவேண்டும். சில சாஜர்கள் பற்றரியில் மாட்டாமல் வோல்ட் காட்டாது. நான்கு 12 வோல்ட் ஈயப் பற்றரி போட்ட வண்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

பற்றரியில் சுழியம் காட்டினால் கோளாறு சுவிட்ச், பியூஸ், பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சின்னச் சுற்றுப்பலகை) மூன்றில் ஒன்றில். பியூசைக் கழற்றிச் சோதியுங்கள். அதே அம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். வயர்த்துண்டு சுற்றி ஓட்டுகிற வேலை வீட்டையே கொளுத்தும்.

சும்மா நிற்கையில் 52 காட்டி, கல்லடிப் பாலம் ஏறும்போது 42க்கு விழுந்து வண்டி நின்றால், ஒரு தொகுதி பலவீனமாக இருக்கலாம். சில்லைத் தூக்கிவைத்துச் சுற்றினால் இது பிடிபடாது, பாரம் வேண்டும்.

பெட்டியைத் திறப்பவர் மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்க் கொத்தின் பிளக்கை இழுத்தெடுத்தால் 48 வோல்ட்டில் பெரும்பாலும் 14 முனைகள். மீற்றர் முனைகளில் 2 மில்லிமீற்றர் மட்டும் விட்டு மிச்சத்துக்கு டேப் சுற்றுங்கள். பக்கத்து முனையில் பட்டால் பொறி பறக்கும். அடுத்தடுத்த இரண்டிரண்டாய் அளந்து எழுதுங்கள். மற்றவை 3.9 இருக்க ஒன்று 3.4 என்றால் அதுதான் ஆள். வித்தியாசம் சிறிதென்றால் பிளக்கைத் திரும்ப மாட்டி, பச்சை வெளிச்சம் வந்தபின்னும் சில மணிநேரம் சாஜரிலேயே விடுங்கள். பல பிஎம்எஸ்கள் அப்போதுதான் மெதுவாகச் சமப்படுத்தும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், இரவில் வேண்டாம்.

2.5க்குக் கீழே கிடந்த தொகுதிக்கு நேரடியாகச் சாஜ் ஏற்றாதீர்கள். உப்பிய, இனிப்பாய் மணக்கிற பற்றரியைக் கிடுகு வேலிக்கும் வீட்டுக்கும் எட்ட, வெளி மணலில் வையுங்கள்.