மஸ்கட்டிலிருந்து ஒருநாள்: வெந்நீர் ஊற்று, மலையிடுக்கு, இரண்டு கோட்டைகள்

ஓமான் தலைநகர் மஸ்கட்டிலிருந்து பர்கா, நஃகல், அவாபி, ருஸ்தாக், அல் ஹஸ்ம், அங்கிருந்து கடலோர நெடுஞ்சாலை வழியாக வீடு. மொத்தம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தார்ச்சாலையை விட்டு இறங்காதவரை சாதாரண கார் போதும். இந்தச் சுற்று பாழாவது பெரும்பாலும் தாமதமாகக் கிளம்புவதால்தான். பத்து மணிக்குப் புறப்பட்டால் ஊற்றில் கால் வைக்க இடம் இருக்காது, இரண்டாவது கோட்டையின் கதவும் சாத்தியிருக்கும். ஆறு மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கிழமை சனி நல்லது. வெள்ளிக்கிழமை கோட்டைகள் திறந்திருக்கும் நேரம் குறைவு. ஜும்ஆ தொழுகை முடியும்வரை கடைகளும் அடைத்திருக்கும். ரமலானில் நேரமெல்லாம் மாறும். எந்தக் கிழமையானாலும் முந்தைய நாளே கோட்டை திறப்பு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியில் என்ன

குளிர்காலத்திலும் பெரியவர் ஒருவருக்கு 4 லிட்டர், குழந்தைக்கு 2 லிட்டர் குடிநீர். கை, கால் கழுவத் தனியாக 5 லிட்டர். புளிசாதமும் சப்பாத்தியும் மதியம்வரை தாங்கும். தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் சீக்கிரம் கெட்டுவிடும். ஆளுக்கு ஒரு செட் மாற்றுடை, ஈரத்துணிக்கு ஒரு பை, ஒரு டார்ச், சில்லறை ரியால். காலுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள பழைய கேன்வாஸ் ஷூ. ஹவாய் செருப்பு பாசியில் வழுக்கும், ஓடும் தண்ணீரில் காலை விட்டுக் கழன்றும் போகும். பெட்ரோலைப் பர்காவில் நிரப்பி, வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னலை நம்ப முடியாது.

முதலில் ஊற்று

நஃகல் கோட்டையைத் தாண்டிப் பேரீச்சந்தோப்புகளுக்கு நடுவே சில கிலோமீட்டர் போனால் அய்ன் அத்-தவாரா. ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால் கூட்டம் இருக்காது, காற்றும் குளிர்ந்திருக்கும். வெந்நீரின் சுகம் அப்போதுதான் முழுசாகத் தெரியும். மலையில் விழும் மழைநீர் பாறை வெடிப்புகளில் ஆழமாக இறங்கிச் சூடேறி, மலையடிவாரத்தில் மேலே வருகிறது. ஊற்றுவாயில் சுமார் 40 டிகிரி. கீழே போகப்போகச் சூடு குறையும். குழந்தைகளை ஊற்றுவாயில் இறக்காமல் சற்றுக் கீழே, ஓடையில் இறக்குங்கள். முதலில் பெரியவர் ஒருவர் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கவைக்க வேண்டும். வெந்நீரில் உடம்பு வியர்ப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெதுவெதுப்பான நன்னீர் எதிலும் தலையை முக்க விடாதீர்கள். அரிதாக அதில் வாழும் அமீபா ஒன்று மூக்கு வழியே நுழைந்து மூளையைத் தாக்கக்கூடும். அதே நீர் தோப்புகளுக்கும் பாய்வதால் சோப்பும் ஷாம்பூவும் கூடாது. இது ஊர்மக்கள் புழங்கும் இடம். ஆண், பெண் இருபாலரும் தோளும் முழங்காலும் மறையும் உடையோடே தண்ணீரில் இறங்க வேண்டும்.

நஃகல் கோட்டை

ஒன்பது மணி வாக்கில் கோட்டைக்கு வந்துவிடலாம். ஒரு பாறைக்குன்றைச் சுற்றியே கட்டியிருப்பதால் சுவர்கள் நேர்கோட்டில் போகாது. சில இடங்களில் பாறையே சுவராக நிற்கும். இன்றைய தோற்றம் 1990-இல் முடிந்த புதுப்பிப்பின் பலன்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது பேரீச்சை அறை. தரை முழுக்க விரல் அகலத்துக்குச் சற்றுப் பெரிய வரப்புகளும் இடையே வாய்க்கால்களும் இருக்கும். மூட்டைகளை இதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பார்கள். அந்தப் பாரத்தில் கசியும் பாகு வாய்க்காலில் வழிந்து, தரையில் பதித்த சாடியில் சேரும். முற்றுகை வந்தால் அதே பாகைக் கொதிக்கவைத்து, வாசலுக்கு மேலுள்ள துளை வழியாக எதிரிமேல் ஊற்றுவார்கள். துளைக்கு நேர் கீழே நின்று மேலே பார்க்கச் சொல்லுங்கள், கோட்டை என்றால் என்ன என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். மேல்தளத்தில் சின்னக் குழந்தையின் கையை விடவேண்டாம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, கைப்பிடிச் சுவர் சில இடங்களில் தாழ்வு.

மலையிடுக்கு

அவாபியிலிருந்து உள்ளே பிரிவது வாதி பனீ கரூஸ். வாதி என்றால் மழை பெய்தால் வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவே கூழாங்கல் படுகை. தொடக்கத்திலேயே பாறைமுகங்களில் குதிரைவீரர், ஒட்டகம், மனித உருவங்கள் கொத்தப்பட்டிருக்கும். வெயில் பக்கவாட்டில் விழும்போது தெளிவாகத் தெரியும். தொடவோ சாக்பீஸால் கோடு போடவோ கூடாது. பக்கத்திலுள்ள வாதி பனீ அவ்ஃப் இதைவிடப் பிரமாதம்தான், ஆனால் அதற்கு நான்கு சக்கர இழுவை வண்டியும் பழகிய ஓட்டுநரும் தேவை. குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டோம்.

இங்கே உண்மையான ஆபத்து வெள்ளம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். இருபது கிலோமீட்டர் மேலே மலையில் பெய்த மழை இறங்கிவரும். மொட்டைப்பாறை நீரை உறிஞ்சாது, இடுக்கு குறுகக் குறுக வேகமும் உயரமும் கூடும். மழை எச்சரிக்கை இருந்தாலோ மலையுச்சியில் கருமேகம் திரண்டாலோ உள்ளே போகவே வேண்டாம். அந்த நேரத்தைக் கோட்டைகளுக்குக் கொடுங்கள். வண்டியைப் படுகையில் நிறுத்தாமல் மேட்டில், வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள்.

தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ சுள்ளியும் இலையும் மிதந்துவந்தாலோ லாரி வருவதுபோல் இரைச்சல் கேட்டாலோ பையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் மேடேறுங்கள். வாதியோடு கீழ்நோக்கி ஓடித் தப்ப முடியாது. சாலைக்குக் குறுக்கே நீர் ஓடினால் வற்றும்வரை காத்திருங்கள்; 30 சென்டிமீட்டர் ஓடும் நீரே சிறிய காரை மிதக்கவைக்கும். ஓடும் வாதியைக் கடப்பது ஓமானில் தண்டனைக்குரிய குற்றமும்கூட. அவசர எண் 9999.

ஒரு மணிக்குள் இடுக்கைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ருஸ்தாக்கும் அல் ஹஸ்மும்

ருஸ்தாக்கில் சாப்பாடு. அங்குள்ள அய்ன் அல் கஸ்ஃபா ஊற்று சுமார் 45 டிகிரி. குழந்தைக்கு ஆகாது, பெரியவர்களும் கால் நனைத்தால் போதும். நேரம் குறைந்தால் தயங்காமல் விட்டுவிட வேண்டியது இதைத்தான். இரண்டரைக்குள் அல் ஹஸ்ம் கோட்டையில் இருக்க வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓமானை ஆண்ட இமாம் இரண்டாம் சுல்தான் பின் சைஃப் கட்டியது இது. அவர் அடக்கமானதும் இங்கேதான். கோபுரத்துக்குள் பருத்த தூண்கள், அவற்றைச் சுற்றிப் பீரங்கிகள். கோட்டைக்குள்ளேயே ஃபலஜ் என்ற வாய்க்கால் வருவதைப் பாருங்கள்: முற்றுகையில் தாகத்தால் சரணடையாமலிருக்கச் செய்த ஏற்பாடு. உள்வழிகள் இருட்டு, டார்ச் இங்கேதான் உதவும்.

நாலு மணிக்குப் புறப்பட்டால் வெளிச்சம் போவதற்குள் கடலோர நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். குளிர்காலத்தில் ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும்; அதன்பின் உள்சாலைகளில் ஆடுகளும் ஒட்டகங்களும் குறுக்கே வரும், விளக்கு வெளிச்சத்தில் ஒட்டகத்தின் கால்கள் மட்டுமே கடைசி நொடியில் தெரியும்.