பச்சை மையில் ஒரு வரி

உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக வந்த முதல் வருடம், ஒரே மூச்சில் 40 கட்டுரை நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். படிக்க மாட்டேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் நோட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். "எங்க ஆடு குட்டி போட்டதை எழுதியிருந்தேன் டீச்சர்" என்றான். வாங்கிப் படித்தேன். மூன்றாவது குட்டி நிற்கமுடியாமல் தாயின் காலடியில் சரிந்ததை அப்படியே எழுதியிருந்தான். புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு, அன்றிலிருந்து நான் செய்துவருவதைச் சொல்கிறேன்.

நாளுக்கு மூன்று நோட்டு போதும். வகுப்பாசிரியரிடம் கேட்கும்போது, முதல் மதிப்பெண் நோட்டுகளாகவே கேட்காதீர்கள். போன மாதத்தைவிடத் தேறியவன், புதிதாக எதையோ முயன்றவள், இதுவரை யாரும் கேட்காத பிள்ளை என்று கேளுங்கள். முழுவதும் படித்துவிட்டு, கையெழுத்துக்கு மேலே பச்சை மையில் ஒரு வரி எழுதுங்கள். 'வெரி குட்' வேண்டாம். அதை எந்த நோட்டிலும் எழுதலாம். அந்தப் பையனுக்கு, "மூன்றாவது குட்டி என் கண்ணிலேயே நிற்கிறது. பிழைத்ததா?" என்று எழுதினேன். மறுநாள் பிரேயர் மணி அடிக்கும் முன்பே பதிலோடு வந்துவிட்டான்.

எதைப் பாராட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் முல்லர், ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று கேட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்துவிட்டார்கள். உழைப்பைப் பாராட்டப்பெற்றவர்கள் விடாமல் முயன்றார்கள். அதனால், "நாலு தடவை அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பிடித்தது" என்று சொல்லுங்கள்.

பிள்ளையை அறைக்குக் கூப்பிடாதீர்கள். ஹெச்.எம். கூப்பிட்டால் திட்டத்தான் என்று நினைத்து வாசலிலேயே நடுங்கும். நீங்கள் வகுப்புக்குப் போங்கள். பிரேயரில் வாசிக்கச் சொல்வதானால் முந்தின நாளே சம்மதம் கேளுங்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு டீச்சர் வாசிக்கட்டும். நல்ல படைப்பைப் பள்ளிக் கல்வித் துறையின் 'தேன்சிட்டு' மாணவர் இதழுக்கு அனுப்பலாம். ஜெராக்ஸ் அனுப்பினால் போதும், நோட்டு பிள்ளையிடமே இருக்கட்டும்.

வீட்டுக்குப் போன் செய்யும்போது முதல் வார்த்தை முக்கியம். "ஸ்கூல்ல இருந்து பேசுறேன்" என்றதுமே அம்மாக்களுக்குக் குரல் மாறிவிடும். "பயப்படாதீங்கம்மா, நல்ல விஷயம்தான்" என்று தொடங்குங்கள்.

அப்புறம், ஒரு நோட்டில் வகுப்புவாரியாகப் பெயர்களை எழுதி, பாராட்டிய பிள்ளைக்கு நேரே டிக் போட்டுவாருங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் டிக் விழாத பெயர்களைப் பாருங்கள். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஏழு பேர் விடுபட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, நுழைவாயில் கரும்பலகையில் தினமும் முத்து முத்தாகக் குறள் எழுதுபவள். அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் என் அறைக்குப் போயிருக்கிறேன். அன்று மத்தியானம் முதல் வேலையாக அவள் வகுப்புக்குப் போனேன்.