வெறுங்கண்ணாலும் பைனாகுலராலும் வால்வெள்ளியைக் காண்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிரகாசமான வால்வெள்ளி ஒன்று வருவதாகச் செய்தி பரவியதும் பலர் வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் தென்படாமல் திரும்பிவிடுகிறார்கள். நேரம், திசை, உயரம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளாததே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். பிரகாசமான வால்வெள்ளிகளில் பல, சூரியனுக்கு அருகில் இருக்கும் நாட்களில்தான் மிகுதியாக ஒளிர்கின்றன. ஆகவே அவை நள்ளிரவில் தலைக்கு மேலே தோன்றாமல், அந்தியிலோ விடியலுக்கு முன்போ அடிவானத்தை ஒட்டிச் சிறிது நேரமே தெரிகின்றன. அந்தச் சிறிது நேரத்தைத் தவறவிடாமல் பிடிப்பதற்கான வழிமுறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வால்வெள்ளி எரிகல்லைப் போல வானில் பாய்ந்து மறைவதில்லை. வெறுங்கண்ணுக்கு அது விண்மீன்களுக்கிடையே அசையாமல் நிற்பது போலவே இருக்கும். அடுத்த நாள் பார்க்கும்போதுதான் சில பாகைகள் நகர்ந்திருப்பது புலப்படும். அதன் கரு பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவே உள்ள, பனியும் தூசியும் கலந்த ஒரு கட்டி. சூரிய வெப்பத்தில் அந்தப் பனி நேரடியாக ஆவியாகித் தூசியையும் வெளியே தள்ளுவதால், கருவைச் சுற்றிப் பல்லாயிரம் கிலோமீட்டர் அகலத்தில் கோமா எனப்படும் ஒளிமண்டலம் உருவாகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கோமாவும் அதிலிருந்து நீளும் வாலும் மட்டுமே.

படி 1: பொலிவெண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல்

செய்திகளில் வால்வெள்ளியின் ஒளியைப் பொலிவெண் என்னும் அளவால் குறிப்பிடுவார்கள். எண் குறையக் குறைய ஒளி கூடும். 1 குறைந்தால் ஏறத்தாழ 2.5 மடங்கும், 5 குறைந்தால் 100 மடங்கும் கூடும். மிக இருண்ட வானில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் மங்கலான விண்மீன்களின் பொலிவெண் சுமார் 6. இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸின் பொலிவெண் -1.46.

புதியவர்கள் ஏமாறுவது இந்த எண்ணில்தான். விண்மீனின் ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருக்கிறது. வால்வெள்ளிக்குச் சொல்லப்படும் எண்ணோ கோமா முழுவதிலும் பரவிக் கிடக்கும் ஒளியின் கூட்டுத்தொகை. ஒரு பிடி மாவை ஒரே இடத்தில் குவிப்பதற்கும் தரை முழுவதும் தூவுவதற்கும் உள்ள வேறுபாடு இது. எனவே பொலிவெண் 4 உள்ள விண்மீன் எளிதாகத் தெரியும் வானில், அதே எண் கொண்ட வால்வெள்ளி தெரியாமலே போகலாம். என் கணிப்பில், 6 என்றால் இருண்ட இடமும் பைனாகுலரும் தேவை. 4 என்றால் இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கு மங்கலான பஞ்சுத் திட்டாகத் தெரியும். நகர விளக்குகளுக்கிடையே வெறுங்கண்ணால் பார்க்க 2 அல்லது அதைவிடக் குறைந்த எண் வேண்டும்.

முன்கணிப்புகளை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. சூரியனிலிருந்து உள்ள தொலைவு பாதியாகக் குறைந்தால் வால்வெள்ளியின் ஒளி 16 மடங்காகும் என்பது போன்ற பொதுவான அனுமானத்தின் மேல்தான் தொடக்கக் கணிப்புகள் நிற்கின்றன. சூரியக் குடும்பத்தின் எல்லையில் உள்ள ஊர்ட் மேகத்திலிருந்து முதல்முறையாக உள்ளே வரும் வால்வெள்ளிகள், மேற்பரப்பில் உள்ள எளிதில் ஆவியாகும் பனிகளின் காரணமாகத் தொலைவிலேயே ஒளிரத் தொடங்கிப் பின்னர் தளர்ந்துவிடுவதுண்டு. 1973இல் கொஹௌடெக் வால்வெள்ளி பெரும் எதிர்பார்ப்பை எழுப்பிவிட்டு அந்த அளவுக்கு ஒளிரவில்லை; ஐசான் வால்வெள்ளி 2013 நவம்பர் 28 அன்று சூரியனை மிக நெருங்கிச் சுற்றும்போதே சிதைந்துபோனது. மாறாக, 2020 ஜூலை 3 அன்று சூரியனை நெருங்கிய நியோவைஸ் அச்சூட்டைத் தாங்கி வெளிவந்து, அம்மாதம் முழுவதும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. ஆகையால் ஆறு மாதத்துக்கு முன் வந்த கணிப்பை ஒதுக்கிவிட்டு, கடந்த ஒரு வாரத்தில் நோக்கர்கள் உண்மையில் பதிந்த அளவுகளைப் பாருங்கள். கோப்ஸ் என்னும் வால்வெள்ளி நோக்குத் தரவுத்தளத்தில் அவை நாள்வாரியாகக் கிடைக்கும்.

படி 2: அட்டவணையை வாசித்தல்

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் ஹொரைசன்ஸ் இணையச் சேவையிலும், சிறுகோள், வால்வெள்ளி நோக்குகளைத் தொகுக்கும் மைனர் பிளானட் சென்டரிலும் எந்த வால்வெள்ளிக்கும் அது வானில் இருக்கும் இடத்தைக் காட்டும் நாள்வாரி அட்டவணை பெறலாம். இதற்கு அதன் முறைப்பெயர் தேவைப்படும். எடுத்துக்காட்டாக சி/2023 ஏ3 என்பதில் சி என்பது நீள்சுற்றுக் காலம் கொண்டது என்பதையும், 2023 கண்டறியப்பட்ட ஆண்டையும், ஏ ஜனவரி மாத முதல் பாதியையும், 3 அந்த அரை மாதத்தில் அதன் வரிசையையும் குறிக்கின்றன.

அட்டவணையில் பல நிரல்கள் இருந்தாலும் தொடக்கத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்றே: சூரியனிலிருந்து வால்வெள்ளி விலகியிருக்கும் கோணம். அது 15 பாகைக்கும் குறைவாக இருந்தால், வால்வெள்ளி மிக அபூர்வமான பிரகாசம் கொண்டதாக இருந்தாலன்றி, புதியவர்கள் அந்த நாட்களை விட்டுவிடுவதே நல்லது. 30 பாகைக்கு மேல் சென்றுவிட்டால், ஒளி சற்றுக் குறைந்திருந்தாலும் பார்ப்பது எளிதாகிவிடும். மிகுதியாக ஒளிரும் நாளும் மிக நன்றாகத் தெரியும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சி/2023 ஏ3, அதாவது சுசின்ஷான்-அட்லஸ், 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் பெரும்பாலானோர் அதை வசதியாகப் பார்த்தது, அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில் வந்த பிறகு, மாலை வானில் அது நாளுக்கு நாள் மேலேறிய நாட்களில்தான்.

படி 3: பார்க்கும் நேரத்தைக் கணக்கிடுதல்

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை வானம் மிகவும் வெளுத்திருக்கும். 12 பாகையில் பெரும்பாலான பிரகாசமான விண்மீன்கள் தெரியும். 18 பாகையில் அந்தியொளி முற்றிலும் நீங்கிவிடும். வால்வெள்ளி சூரியனிலிருந்து 30 பாகை விலகி, சூரியனுக்கு நேர் மேலே நிற்பதாகக் கொள்வோம். சூரியன் 12 பாகை கீழிறங்கிய வேளையில் வால்வெள்ளி 18 பாகை உயரத்தில் இருக்கும். முழு இருள் வரும்போது 12 பாகை உயரம் மிஞ்சும். அதுவே நேர் மேலே இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், அதே 30 பாகை விலகல் இருந்தும் இருள் வருவதற்குள் அது மறைந்துவிடக்கூடும். இந்தச் சாய்வு நீங்கள் இருக்கும் அட்சரேகையையும் பருவத்தையும் பொறுத்து மாறுவதால், வேறொரு நாட்டில் எழுதப்பட்ட நேரக்குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலியில் உங்கள் இருப்பிடத்தைக் கொடுத்து, நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாக நகர்த்தி, சூரியனின் தாழ்வையும் வால்வெள்ளியின் உயரத்தையும் ஒருசேரக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரம் ஏன் முக்கியம் என்றால், அடிவானத்தை நெருங்க நெருங்க ஒளி கடந்துவர வேண்டிய காற்றின் தடிமன் கூடுகிறது. தெளிந்த வானிலும் 10 பாகை உயரத்தில் ஏறத்தாழ 1 பொலிவெண் அளவுக்கும், 5 பாகையில் சுமார் 2 அளவுக்கும் ஒளி குறைந்துவிடும். புகைமூட்டம் இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

நிலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாலை வானில் தெரியும் வால்வெள்ளிக்குப் பௌர்ணமி கழிந்து சில நாட்களானதிலிருந்து அமாவாசை வரையிலான காலமே ஏற்றது. நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால் மாலைப்பொழுது இருளாகவே கிடைக்கும். விடியற்காலை வால்வெள்ளிக்கு இது தலைகீழாகும்.

படி 4: கருவி

பைனாகுலர் போதும். 7x50 அல்லது 10x50 என்று குறிக்கப்பட்டது மிகவும் பொருத்தமானது; முதல் எண் உருப்பெருக்கத்தையும் இரண்டாவது எண் முன்வில்லையின் மில்லிமீட்டர் விட்டத்தையும் குறிக்கும். இவற்றில் ஒரே பார்வையில் சுமார் 6, 7 பாகை அகல வானம் தெரிவதால், கோமாவையும் வாலின் தொடக்கத்தையும் சேர்த்தே காணலாம். பெரிய தொலைநோக்கியின் பார்வைப்பரப்பு குறுகியது. வால்வெள்ளி எங்கே என்று தெரியாத நிலையில் அதைக்கொண்டு தேடுவது வீண் சிரமம்.

வால்வெள்ளி வருமுன்பே கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. ஆண்ட்ரொமீடா விண்மீன்திரள், ஹெர்குலிஸ் மண்டலத்தில் உள்ள எம்13 கொத்து, தென்வானில் ஒமேகா சென்டாரி ஆகியவை பைனாகுலரில் வாலில்லாத வால்வெள்ளி போன்றே தோன்றும். 18ஆம் நூற்றாண்டில் வால்வெள்ளி தேடிய சார்ல் மெசியே, இத்தகைய மங்கல் திட்டுகள் குழப்பியதால்தான் அவற்றைப் பட்டியலிட்டு வைத்தார். எம்13 என்பதிலுள்ள எம் அவருடைய பெயரின் முதலெழுத்தே.

படி 5: களத்தில் தேடுதல்

மாலை வால்வெள்ளியானால் மேற்கே, விடியல் வால்வெள்ளியானால் கிழக்கே, கட்டடமோ மரமோ மறைக்காத அடிவானம் உள்ள இடத்தைப் பகலிலேயே தேர்ந்தெடுங்கள். நகரத்தின் ஒளிமூட்டம் நீங்கள் பார்க்கும் திசையில் இல்லாமல் முதுகுப்புறம் இருக்கட்டும். சூரியன் மறைவதற்கு முன்பே அங்கே சென்று, அது மறையும் இடத்தைத் தொலைவிலுள்ள ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அடையாளமாகக் கொண்டு மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கை: சூரியன் முழுவதுமாக மறையும் வரை பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது, கணநேரப் பார்வையும் விழித்திரையை நிரந்தரமாகச் சேதப்படுத்தும். விடியற்காலையில் நோக்குபவர்கள் சூரியன் எழுவதற்குப் பல நிமிடங்களுக்கு முன்பே கருவியை உறையிலிட்டுவிட வேண்டும்.

வானில் கோணத்தை அளக்க உங்கள் கையே போதும். கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் சுமார் 1 பாகை, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, மூடிய முட்டி 10 பாகை, விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை சுமார் 20 பாகை. உயரம் 12 பாகை, திசை சூரியன் மறைந்த இடத்துக்கு வலப்புறம் 15 பாகை என்று நீங்கள் குறித்து வைத்திருந்தால், அடையாள மரத்திலிருந்து ஒன்றரை முட்டி வலப்புறம் சென்று, அங்கிருந்து ஒரு முட்டிக்குச் சற்று அதிகமாக மேலேறினால் போதும். அருகில் வெள்ளிக் கோளோ பிரகாசமான விண்மீனோ இருந்தால் அதிலிருந்து அளப்பது இன்னும் துல்லியமாக இருக்கும்.

பைனாகுலரில் முதலில் அந்த விண்மீனையோ தொலைவிலுள்ள விளக்கையோ கூர்மையாகக் குவியப்படுத்துங்கள். குவியம் தவறிய கருவியில் மங்கலான கோமா வானத்தோடு கரைந்துவிடும். பிறகு அடிவானத்துக்கு இணையாக இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் பார்வைப்பரப்பில் பாதியளவு மேலேறுங்கள். அந்தியொளியில் தேடும்போது கண் இருளுக்குப் பழக வாய்ப்பில்லை. முழு இருளில் பார்ப்பதானால் கண் பழக 20 முதல் 30 நிமிடம் தேவை. அந்த நேரத்தில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியிருக்கும். வான்வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு விளக்கையே பயன்படுத்துங்கள். திட்டு தெரிவது போல ஐயம் எழுந்தால், அதை நேராக உற்றுநோக்காமல் சற்றே பக்கத்தில் பார்வையைச் செலுத்துங்கள். விழித்திரையின் நடுப்பகுதியைவிடச் சுற்றுப்பகுதியே மங்கலான ஒளியை நன்றாக உணரும் என்பதால், மறைந்திருந்த வால் இந்த ஓரப்பார்வையில் தென்படுவதுண்டு.

படி 6: கண்டபின் எதைக் கவனிப்பது

வால் வால்வெள்ளி செல்லும் பாதையின் பின்னால் நீள்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். சூரியனுக்கு எதிர்ப்பக்கமே வால் நீளும். எனவே சூரியனை விட்டு விலகிச் செல்லும் காலத்தில் வால்வெள்ளி தன் வாலை முன்னே விட்டுக்கொண்டு செல்கிறது. மாலை வானில் தலை கீழேயும் வால் மேல்நோக்கியும் தோன்றுவது இதனாலேயே. தூசி வால் வெண்மஞ்சளாக, அகன்று வளைந்திருக்கும். மின்னூட்டம் பெற்ற வாயுவாலான அயனி வாலை நேராகவும் மெல்லியதாகவும் நீல நிறத்திலும் ஒளிப்படங்களில் பார்க்கலாம். கண்ணுக்கு அது எளிதில் சிக்காது. 1997இல் ஹேல்-பாப் வால்வெள்ளியில் இவ்விரண்டும் தனித்தனியே தெரிந்தது ஓர் அரிய வாய்ப்பு. ஒளிப்படங்களில் காணும் கோமாவின் பச்சை நிறம் ஈரணுக் கார்பன் மூலக்கூறுகளிலிருந்து வருகிறது. மங்கலான வால்வெள்ளிகளில் கண்ணுக்கு அது சாம்பல் நிறமாகவே இருக்கும்.

ஒளியை நீங்களே மதிப்பிட ஓர் எளிய வழி உண்டு. கோமாவின் அளவை மனத்தில் பதித்துக்கொண்டு, பொலிவெண் தெரிந்த ஒரு விண்மீனை, அது அதே அளவுக்கு விரியும் வரை பைனாகுலரின் குவியத்தைக் கலைத்துப் பார்த்து இரண்டின் வெளிச்சத்தையும் ஒப்பிடுங்கள். வால்வெள்ளியைவிடச் சற்றுக் கூடுதலான ஒன்று, சற்றுக் குறைவான ஒன்று என இரு விண்மீன்களைத் தேர்ந்து, இடைப்பட்ட மதிப்பைக் குறிக்கலாம். வால்வெள்ளிக்கு ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள விண்மீன்களையே எடுங்கள்; இல்லாவிட்டால் காற்றால் ஏற்படும் இழப்பு கணக்கைக் கெடுத்துவிடும். நாள், நேரம், கருவி, பொலிவெண், கோமாவின் அகலம், வாலின் நீளம் ஆகியவற்றை அங்கேயே எழுதி, சுற்றியுள்ள இரண்டு மூன்று விண்மீன்களுடன் ஒரு சிறு வரைபடமும் போட்டுவிடுங்கள். மறுநாள் அதே விண்மீன்களை வைத்துப் பார்த்தால் இடப்பெயர்ச்சி தெளிவாகப் புலப்படும்.

படம் எடுக்க விரும்பினால் முக்காலி கட்டாயம். கேமராவில் தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, பிரகாசமான விண்மீன் ஒன்றில் கையால் குவியப்படுத்துங்கள். 500ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகளுக்குள் எடுத்தால் விண்மீன்கள் பெரிதாகக் கோடாக நீளாது. 50 மில்லிமீட்டர் வில்லைக்கு அது 10 விநாடி. கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவை 1600இல் தொடங்கி, அந்தியொளி படத்தை வெளுக்கச் செய்தால் விநாடிகளைக் குறையுங்கள். கைப்பேசியானால் இரவுப் பயன்முறையில் வைத்து, விரல் தொடும் அதிர்வு பதியாமலிருக்க 3 விநாடி தாமதத்தில் எடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத வால்வெள்ளி இத்தகைய படத்தில் முதலில் சிக்குவதும் உண்டு. அப்படிச் சிக்கினால், படத்தில் அதன் அருகிலுள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, பைனாகுலரை அங்கே திருப்பிப் பாருங்கள்.