ஆர்ட் ராக் கேட்க எங்கிருந்து தொடங்கலாம்?

ஆர்ட் ராக் (ராக் இசையை ஒலிச் சோதனைகளோடு ஒரு கலைப்படைப்பு போலக் கட்டுகிற வகை) கேட்க ஆசை என்று சொன்னால் போதும், யாராவது முதல் நாளே இருபது நிமிடப் பாட்டு ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஆள் அதோடு திரும்பிப் பார்க்க மாட்டார். அது வேண்டாம். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' (1977) பாட்டில் தொடங்குங்கள், ஹெட்ஃபோன் கட்டாயம்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். அடுத்த தடவை குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவின் பெரிய கூடத்தில் இந்தக் குரலைப் பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி வாய்க்குப் பக்கத்தில் ஒன்று, சுமார் 20 அடி தள்ளி ஒன்று, 50 அடி தள்ளி ஒன்று என மூன்று மைக் வைத்தார். தள்ளி இருக்கிற இரண்டும் போவி குரலை உயர்த்தினால்தான் திறக்கும். ஆரம்பத்தில் காதோரம் பேசுகிற குரல், பின்னால் அவர் கத்தக் கத்தக் கூடம் முழுக்க அதிர்வது அதனால்தான். அறையே அங்கே ஒரு வாத்தியம். ஆர்ட் ராக்கில் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியது இந்த மாதிரி வேலைகளைத்தான்.

அப்புறம் முழு ஆல்பம். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், இது முக்கியம். போவியின் 'லோ' (1977) இசைத்தட்டின் முதல் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பாடல்கள், இரண்டாம் பக்கத்தில் பெரும்பாலும் வெறும் இசை. வரிசை கலைந்தால் அந்தத் திருப்பமே போச்சு. பாடகி கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985) கலைந்தால் இன்னும் மோசம், அதன் இரண்டாம் பக்கத்து ஏழு பாடல்களும் இரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண்ணின் ஒரே கதை. என்னைக் கேட்டால் இந்த வகையின் உச்சமே அதுதான்.

நீளமான, சிக்கலான வாசிப்புக்குப் பேர்போன ப்ரோக்ரெசிவ் ராக்கும் இதுவும் ஒன்றா என்ற சண்டைக்குள் போகாதீர்கள், எல்லை கலந்துதான் கிடக்கிறது. விரல் வித்தை இல்லாமலும் இங்கே பிழைக்கலாம் என்பது மட்டும் நிச்சயம்: தன்னை இசைக்கலைஞனே இல்லை என்று சொல்லிக்கொண்ட பிரையன் ஈனோதான் ராக்ஸி மியூசிக் குழுவின் முதல் ஆல்பத்தில் (1972) மற்றவர்களின் வாத்தியங்களை சின்தசைசர் என்ற மின்னணுக் கருவிக்குள் விட்டு உருமாற்றினார்.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967 ஆல்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜான் கேலின் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) ஒரே சுருதியில் அறுக்கும்போது எரிச்சல் வந்தால், நின்றுகொண்டே, சிம்பலை அதிகம் தொடாமல் மோ டக்கர் அடிக்கும் டிரம்மைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாட்டு முடியும்வரை அது தாங்கும்.